பதினோராவது டிகிரியில் வழுக்கிய துணி

செவ்வாய்க்கிழமை காலை 6.10-க்குப் பழனியிலிருந்து கொடைக்கானல் வண்டி கிளம்பியது. தூரம் அறுபத்து நான்கு கிலோமீட்டர். நான் அதற்கு முன்பே பெருமாள்மலையில் இறங்கவேண்டும். வரச் சொல்லியிருந்தவர் சேகர், என் மனைவியின் தங்கை கணவர், என்னைவிட ஆறு வயது இளையவர். மலையில் புதிதாகக் கட்டும் ஒரு குப்பைக் கிடங்கின் சரிவைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. நானோ பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். அவர் கையெழுத்துக்காக லாரிகள் காத்து நிற்குமாம். அதைப் பார்க்கத்தான் போனேன். ஏதாவது பிசகினால் நன்றாயிருக்கும் என்றும் உள்ளே ஓர் ஆசை.

8.35. பெருமாள்மலை. டீ பதினைந்து ரூபாய், மலைவாழைப்பழம் ஒன்று பத்து. கடைக்காரர் முதல் டீயைச் சேகருக்கு நீட்டி, "சார், இன்னைக்கு மழை வருமா?" என்றார். மழையை ஏன் இவரிடம் கேட்கவேண்டும்?

9.20. ஜீப்பில் கிடங்கு போய்ச் சேர்ந்தோம். பெரிய பள்ளம், பக்கச் சரிவு பதினெட்டு டிகிரி. குப்பைச்சாறு மண்ணில் இறங்காமலிருக்கக் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருந்தார்கள். அதன்மேல் கம்பளி போன்ற தடித்த துணியும், துணிமேல் சரளைக் கல்லும் வரவேண்டும். விரிப்பின் ஒரு முகம் சொரசொரப்பு, மறுமுகம் வழவழப்பு. துணி விரிப்பைப் பிடித்து நிற்காவிட்டால் அத்தனை கல்லும் அடிவாரத்தில் நிற்பவர்கள் தலையில்தான். அங்கே பத்துப் பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மேலே சரளை லாரிகள் தயாராய் நின்றன.

10.15. சேகர் ஒரு சாய்வுப் பலகையை வைத்தார். தான் முன்பு ஆய்வகத்தில் சோதித்த விரிப்புத் துண்டின்மேல் துணியையும் எடைக்கல்லையும் வைத்துப் பலகையை மெல்ல உயர்த்தினார். இருபத்தாறு டிகிரி வரை துணி அசையவில்லை. பிறகு சரிவிலிருந்து ஒரு துண்டை வெட்டி, கிடந்தபடியே வைத்து உயர்த்தினார். பதினொன்றில் துணி சர்ரென்று ஓடிவிட்டது.

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்ததுபோல் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

சேகர் துண்டைத் தடவிப் பார்த்துவிட்டு, விரிப்புப் போட்ட கவுஞ்சி கிராமத்து ஆட்களின் தலைவி அமலியைக் கூப்பிட்டார். "அக்கா, வழவழப்பை ஏன் மேலே போட்டீங்க?"

"பொறவு? எங்கூர்ல கேரட் காட்டுக் குட்டைக்கு இப்படித்தான் விரிப்போம். சேறு கழுவ சோலி கம்மி. எந்தப் பக்கம்னு நீங்க சொல்லலையே சார்."

"எழுதியிருக்கும் சார், இந்தம்மா படிச்சிருக்காது" என்றார் காண்ட்ராக்டர். "லாரி நிக்கிது. கொட்டிருவோம், பாத்துக்கலாம்."

சேகர் தன் குறிப்புத்தாளை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். "எழுதலைங்க. சொரசொரப்பு மேலே வரணும்னு நான்தான் எழுத மறந்துட்டேன். அக்கா மேல தப்பில்ல. ஒரு கல்லும் இறங்கக்கூடாது." அப்படியே பதிவேட்டிலும் எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்திட்டார். 10.50.

"அப்ப எல்லாத்தையும் திருப்பணுமா? எட்டு நாள் சோலி!" என்றார் அமலி. "சாரே வந்து ஒரு ஓரம் பிடிங்க, வெரசா முடியும்." சேகர் பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினார். "பழனிக்காரரே, நீங்க என்ன மாப்பிள்ளை பாக்க வந்தவரு மாதிரி நிக்கிறீங்க?" என்று அமலி என்னைக் கேட்க, சிரிப்பு எழுந்தது. நானும் ஓர் ஓரத்தைப் பிடித்தேன்.

நான் ஆசைப்பட்ட பிசகு வந்தேவிட்டது. ஆனால் அவரோ முன்னைவிட உயரமாகத் தெரிந்தார். பதிவு அலுவலகத்தில் நான் ஒரு சர்வே எண்ணை மாற்றி எழுதிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பழி பக்கத்து மேசைக்காரர் மேல் போயிற்று. நான் தலையைக் குனிந்து அடுத்த பத்திரத்தை எழுதிக்கொண்டிருந்தேன்.

மாலை 4.30-க்குத் திரும்பும் வண்டி. இரண்டாவது வளைவில் மனைவி கைப்பேசியில் அழைத்தாள்.

"சேகரு எப்படி இருக்காரு?"

"வேலையில ஒரு தப்புப் பண்ணிட்டாரு" என்றேன்.

"ஐயையோ! அப்புறம்?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகவே இருந்தது.