வட்டமாகப் போட்ட பெஞ்சுகள்

கடைசி ஆசீர் முடிந்து நாங்கள் சிலுவை அடையாளம் போட்டு நிமிர்வதற்குள், ஆனந்தமேரி முதல் பெஞ்சின் முனையைப் பிடித்து இழுக்கத் தொடங்கிவிடுவார். "பூசை முடிஞ்சா வூட்டுக்கு ஓடறீங்களே, அடுப்புல பால வெச்சிட்டா வந்தீங்க? இந்தாண்ட புடிங்க." இரண்டு பேர் பிடிப்பார்கள். பீடத்தைப் பார்த்து வரிசையாகக் கிடந்த பெஞ்சுகள் சற்று நேரத்தில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு வட்டமாகிவிடும்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் சாலையில், மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே இருக்கிறது எங்கள் சிற்றாலயம். ஆனந்தமேரிக்கு ஐம்பது வயதுக்கு மேல். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டுக்கொண்டு குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறார். மலையிலிருந்து கிழங்கு மூட்டைகளோடு வளைவுகளில் இறங்கும்போது ஹாரனுக்கு முன்னால் அவர் குரல் வரும். பக்கத்து இருக்கையில் யார் ஏறினாலும், "இன்னா, மூஞ்சி வாடிக் கெடக்குது?" என்றுதான் ஆரம்பிப்பார். ஊர் வருவதற்குள் ஏறியவர் தன் கதையில் பாதியைச் சொல்லி முடித்திருப்பார்.

அவர் மகன் ஆல்பின் கல்லூரிக்குப் போனபின் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். பூசையைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம் என்று மற்ற இளைஞர்களும் சொல்லத் தொடங்கியிருந்த சமயம். ஆனந்தமேரி அடிக்கவில்லை, அழவில்லை. ஏன் என்று கேட்டார். "அங்க எல்லாருக்கும் பதில் ரெடியா கீது. நான் கேக்கறதுக்குத்தான் எடமில்ல" என்றான். அடுத்த ஞாயிறு பெஞ்சுகள் நகர்ந்தன.

முதலில் நான்கைந்து பேர்தான் உட்கார்ந்தோம். செபத்துக்குப் பலன் உண்டா, சாதி பார்க்கும் நமக்கு நற்கருணை எதற்கு, என்று அதுவரை வாசலுக்கு வெளியே மட்டும் பேசியவை உள்ளே வந்தன. பிறகு ஒரு ஞாயிறு எழில்மதி வந்தார். கருணாபுரத்துக்காரர், ஆனந்தமேரியின் வண்டியில் மூட்டை ஏற்றுபவர், கிறிஸ்தவர் அல்ல. கணவரைக் கள்ளச்சாராயத்துக்குப் பறிகொடுத்தவர். உட்காராமல் நின்றபடியே கேட்டார்: "எம் புருசன் கண்ணு தெரியாம கத்திக்கினு கெடந்தப்ப உங்க சாமி இன்னா பண்ணிக்கினு இருந்துச்சி?"

ஆனந்தமேரிதான் பேசினார். "எனக்குத் தெரியல எழிலு. நானும் அதத்தான் அவருகிட்ட கேட்டுக்கினு கீறேன். உக்காரு, சேந்து கேப்போம்."

ஆலயக் குழுத் தலைவர் செபாஸ்தியான், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவருக்குப் பொறுக்கவில்லை. "இது கோயிலா, டீக்கடையா? பதில் தெரியாத கேள்விய எதுக்கு உள்ள வுடறீங்க?" என்று சத்தம் போட்டார். பங்குத்தந்தையிடமும் போய்ச் சொன்னார். அடுத்த முறை பூசைக்கு வந்த பங்குத்தந்தை, முடிந்ததும் கிளம்பாமல் நின்றார். வட்டம் அன்றோடு முடிந்தது என்றே நினைத்தோம்.

"பெஞ்ச நேரா போடுன்னா போட்டுடறேன் சாமி," என்றார் ஆனந்தமேரி. "ஆனா இவுங்க கேள்விய எங்க போடறது? அது இவுங்களோட வூட்டுக்குப் போயிடும். அப்பறம் கேள்வியும் ஆளும் ரெண்டுமே திரும்பி வராது."

பங்குத்தந்தை பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்தார். எழில்மதியை மறுபடி சொல்லச் சொல்லி, முழுவதையும் கேட்டார். "எனக்கும் தெரியலம்மா" என்றார். ஒரு சாமியார் அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டது அன்றுதான். ஆலயம் இடிந்துவிடவில்லை. இன்னும் கொஞ்சம் எங்களுடையதாகிவிட்டதுபோல் இருந்தது.

ஆல்பின் இப்போது வருகிறான். அம்மாவோடு வாதாடத்தான் வருகிறான். மலையிலிருந்து இறங்குபவர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்து உட்காருகிறார்கள். எழில்மதி நெற்றி நிறையத் திருநீற்றோடு வருகிறார். அவரை யாரும் ஞானஸ்நானத்துக்கு அழைப்பதில்லை. ஆனால் எங்களில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு முதலில் போய் நிற்பவர் அவர்தான். எந்தக் கோயில் என்று டவுனில் யாராவது கேட்டால், "பெஞ்ச வட்டமா போடுவாங்களே, அந்தக் கோயிலு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறோம்.

செபாஸ்தியான் மட்டும் நெடுநாள் தள்ளியே இருந்தார். கடந்த மே மாதம், வெயில் ஓடுகளைப் பிளந்துகொண்டிருந்த ஒரு ஞாயிறு, அவராகவே ஒரு நாற்காலியை இழுத்து வந்து எங்கள் நடுவில் போட்டுக்கொண்டார்.

"எம் பெரிய பையன் சாமியே இல்லைன்றான். எங்கிட்ட பேச்சையும் நிறுத்திட்டான். நான்..." அதற்குமேல் குரல் இறங்கிவிட்டது. உதடு அசைவது மட்டும் தெரிந்தது.

'டீக்கடை' என்று அவர் சொன்னதை அங்கே யாரும் நினைவூட்டவில்லை. ஆனந்தமேரி எழுந்து போனார். தலைக்கு மேல் கடகடத்துக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினார். வியர்வை வழியும் முகத்தோடு திரும்பி வந்து, அவருக்கு எதிரில் உட்கார்ந்து, சற்று முன்னால் குனிந்தார்.