இரண்டு டிஸ்க், ஒரே பை

போன வாரம் என் கம்ப்யூட்டர் திருத்தும் கடை மேசையில் ஒரு உரப்பையை வைத்தார்கள். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பேக்அப் டிஸ்க், கொஞ்சம் வாவிச் சேறு.

கொண்டுவந்தவர்கள் கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள பெரியகல்லாற்றில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் ரவியும் அவர் மனைவி வசந்தியும். அதற்கு முதல் நாள் ஊரில் 'கடல் வருகுது' என்று யாரோ கத்தியிருக்கிறார்கள். வதந்திதான். ஆனால் சுனாமியைப் பார்த்த ஊர் நின்று விசாரிக்குமா? ரவி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பறந்திருக்கிறார். பாலத்தடியில் சறுக்கி, பை வாவிக்குள்...

"வெயில்ல நல்லாக் காயவச்சுப் போட்டுப் பார்த்தனான் அண்ண. ரெண்டும் வேலை செய்யுதில்ல."

வேலை செய்யாது. கம்ப்யூட்டருக்குள் இருப்பதோ வெளியே இருப்பதோ, நனைந்த ஹார்ட் டிஸ்கை வெயிலில் வைக்கக் கூடாது, கரன்ட் கொடுக்கவே கூடாது. அப்படியே பொலித்தீன் பையில் மூடி, டேட்டா மீட்பவர்களிடம் கொடுக்க வேண்டும். ரவி செய்யக்கூடாத இரண்டையும் செய்துவிட்டார். ஊரின் கலியாணப் படமெல்லாம் போயிற்று.

ரவிக்கு அதுகூடப் பெரிதில்லை. பக்கத்துத் தெரு கமலாக்காவின் மகள் சுனாமியில் போனவள். வீட்டோடு படங்களும் போய்விட்டன. பள்ளிக்கூட உடுப்பில் அவளை ரவி எடுத்த ஒரு படம்தான் மிச்சம்; அதுவும் இந்த டிஸ்கில்தான் இருந்தது. இத்தனை வருடமாக அதைப் பார்க்கத் துணிவில்லாத கமலாக்கா, வருகிற திவசத்துக்குப் பெரிதாக்கித் தரச் சொல்லியிருந்தாராம்.

"அவவுக்கு நான் என்னெண்டு முகம் குடுக்கிற?" என்றார் ரவி.

எனக்குக் கோபம்தான் வந்தது.

"சண்டைக் காலத்தில நீங்க ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸிலயா டவுனுக்கு வந்தீங்க?"

"இல்லையே அண்ண. வழியில குண்டு வெடிச்சாலும் பிள்ளையளுக்கு ஒராளாவது மிஞ்ச வேணுமே."

"அப்ப டிஸ்க் ரெண்டையும் ஏன் ஒரே பையில போட்டீங்க?"

பாவம், அவரை மட்டும் சொல்லி என்ன? காணி உறுதிப் பத்திரம், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரே பையில் வாசலருகே இருக்கும் ஊர் இது. தூக்கிக்கொண்டு ஓடிப் பழகிய கை அப்படித்தான் செய்யும். ஆனால் பேக்அப் என்பது ஓடும்போது எடுப்பதல்ல... நாம் ஓடாத இடத்தில் ஏற்கெனவே இருப்பது.

சும்மா ஒரு கேள்வி கேட்டு வைத்தேன். "அந்தப் படத்தை ஆருக்கும் மெயில் பண்ணினீங்களா?"

ரவி யோசித்தார். வசந்திக்குத்தான் நினைவு வந்தது. "கட்டாரில இருக்கிற கமலாக்காட தம்பி கேட்டவரெல்லோ!"

ரவியின் மெயிலைத் திறந்து, அனுப்பியவற்றில் தேடினோம். இருந்தது. இரட்டைப் பின்னல், கழுத்தில் கொஞ்சம் சாய்ந்த பள்ளிக்கூட டை, சிரிப்பை அடக்கிய வாய். வசந்தி அழுதுவிட்டார். நானும் கொஞ்ச நேரம் மொனிட்டரைத் துடைப்பதுபோல் நின்றேன்.

இதற்குத்தான் சொல்கிறேன் — ஒரு பிரதியாவது வேறு ஊரில் இருக்கட்டும். மாதத்துக்கு ஒருமுறை திறந்தும் பாருங்கள்.

நேற்று, புது டிஸ்க் போட்ட கம்ப்யூட்டரிலும் தனி டிஸ்க் ஒன்றிலும் படத்தை ஏற்றிக் கொடுத்தேன். ரவி இரண்டையும் பையில் போட்டுத் தோளில் மாட்டினார். சண்டை முடிந்த பிறகு இருவரும் சேர்ந்துதான் பஸ் ஏறுகிறார்கள்.

வசந்தி பைக்குள் கைவிட்டு டிஸ்கை வெளியே எடுத்தார்.

"நீங்க கம்ப்யூட்டரோட போங்க. நான் அடுத்த பஸ்ஸில வாறன்."