பதினேழாம் எண் படம்

வியாசர்பாடி கார்குழலி ஒரு வெப்சைட்டை ஏற்றி முடித்தால் அத்தோடு விடமாட்டாள். தெருவில் இறங்கி, முன்பின் தெரியாத பிரவுசிங் சென்டரில் சொந்தக் காசு கொடுத்து உட்கார்ந்து, ஒவ்வொரு படத்தையும் கீழே உள்ள பெயரோடு சேர்த்துப் பார்ப்பாள். "கிறுக்கு" என்று கம்பெனியில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கென்ன தெரியும்.

2005 சனவரியில் அவளுக்கு இருபத்து நான்கு வயது. தண்டையார்பேட்டையில் அமீருதீன் பாயின் பிரவுசிங் சென்டரில் வேலை. கடல் ஊருக்குள் வந்துபோய் ஒரு வாரம் ஆகியிருந்தது. திருவொற்றியூர்க் குப்பங்களில் வீடு வீடாகப் போய், காணாமல் போனவர்களின் படங்களை வாங்கி வந்தாள். கல்யாண ஆல்பத்திலிருந்து உருவியது, லைசென்ஸிலிருந்து பிய்த்தது என்று நாற்பத்து மூன்று சேர்ந்தன. மலர்க்கொடி தந்தது புருஷன் பாரியின் படம். மீன் லாரியோடு கடலூர் போனவன், திரும்பவில்லை. அவனுக்குப் பதினேழாம் எண்.

"இத்தப் பாத்து கண்டுபுடிச்சிருவாங்களா கண்ணு?"

"எந்த ஆஸ்பத்திரில கீறாருன்னாலும் புடிச்சிருவாங்கக்கா."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டாள்.

படங்களை நெட்டில் போடத் தனியாக வெப்சைட் வாங்க வழியில்லை. நகரத்து அறக்கட்டளை ஒன்று தன் சைட்டுக்குள் ஒரு ஃபோல்டரை ஒதுக்கிக் கொடுத்தது. நல்ல மனசுதான். ஆனால் கார்குழலி ஒவ்வொரு படமும் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்கு எழுதிய பாதை ஒரு சாய்கோட்டில் (/) தொடங்கியது. அப்படித் தொடங்கினால், சைட்டின் உச்சிக்குப் போய் அங்கே உள்ள 'போட்டோஸ்' ஃபோல்டரைத் திற என்று அர்த்தம். சென்டர் கம்ப்யூட்டரில் அவளுடைய பக்கங்களே உச்சியில் இருந்ததால் எல்லாம் ஒழுங்காக வந்தது. அறக்கட்டளையிடம் போனதும் அவை உள்ளே ஒரு ஃபோல்டரில் கிடந்தன. பாதை மட்டும் உச்சிக்கே ஓடியது. அங்கே அறக்கட்டளையின் சொந்த 'போட்டோஸ்' ஃபோல்டர் இருந்தது. அதிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்ட படங்கள், எல்லாம் போன வருடத்துக் கண் சிகிச்சை முகாமில் எடுத்தவை. படமே வராமல் போயிருந்தால்கூடத் தேவலை. வேறு ஆளின் படம் வந்தது.

ஏற்றியதும் பார்த்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். பார்த்தாள். ஆனால் டெலிபோன் லைனில் இன்டர்நெட் ஊர்ந்துகொண்டிருந்த காலம் அது. நெட்டில் இணைந்ததும் படங்களை வராமல் நிறுத்திவிடுவது பாய் சென்டரின் வழக்கம். எழுத்து மட்டும் வரும், படம் இருக்கும் இடத்தில் காலிக் கட்டம் தெரியும். நாற்பத்து மூன்று பெயர்களை எண்ணினாள், நாற்பத்து மூன்று கட்டங்களை எண்ணினாள், சரியென்று எழுந்து போனாள்.

நான்கு நாள் கழித்து, ஒரு வாடிக்கையாளருக்காகப் படங்களைத் திறந்துவிட்ட பாய், அப்படியே இவள் பக்கத்தையும் பார்த்தார்.

"இன்னாமா குழலி, காணாப்போனவங்கோ எல்லாம் கண்ணுல கட்டு போட்டுகினு கீறாங்க?"

ஓடிவந்து பார்த்தவளுக்குத் தப்பு எங்கே என்று உடனே தெரிந்தது. நாற்பத்து மூன்று சாய்கோடுகளை அழிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலை போன் வந்தது. தெற்கே ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து ஆலிஸ் என்ற நர்ஸ்.

"நாலு நாளைக்கு முன்னாடியே உங்க பக்கத்தைப் பாத்தேங்க. பதினேழுல யாரோ ஒரு பெரியவர் இருந்தாரு. இன்னிக்குப் பாத்தா எங்க வார்டுல இருந்தவர் இருக்காரு. முந்தாநாள் இறந்துட்டாருங்க. பேர் தெரியாததால நேத்து நாங்களே அடக்கம் பண்ணிட்டோம்."

போனை வைத்துவிட்டுக் கார்குழலி பாயிடம் சொன்னாள். பாய், "ஆளு மவுத்தாயிட்டாருன்னு மட்டும் சொல்லும்மா. மீதிய இன்னாத்துக்கு சொல்ற? அந்தப் பொண்ணுக்கும் பேஜாரு, உனக்கும் பேஜாரு" என்றார். அவர் அக்கறையில்தான் சொன்னார். பஸ்ஸில் போகும்போது அவர் சொன்னபடியே செய்துவிடலாம் என்று கார்குழலிக்கும் ஆசையாக இருந்தது. குப்பத்தில் இறங்கி மலர்க்கொடியின் முகத்தைப் பார்த்ததும் அது முடியாமல் போயிற்று. ஒன்று விடாமல் சொன்னாள்.

"என் தப்புதான்க்கா. நான் ஒழுங்கா பாத்திருந்தா நீ அங்க போய் அவர் பக்கத்துலயே இருந்திருக்கலாம்."

மலர்க்கொடி அழவில்லை.

"இத்தினி நாளு உசுரோடவா இருந்தாரு?"

"ஆமாக்கா."

"எதுனா பேசினாரா?"

"இல்லக்கா. ரெண்டு தபா கண்ணத் தொறந்தாராம்."

"தொறந்து யாரப் பாத்தாரு?"

மலர்க்கொடி விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அந்த நர்ஸம்மாவ."

"அவ பேரு இன்னா?"

"ஆலிஸ்."

"அவ நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மலர்க்கொடி உள்ளே போனாள். கார்குழலியை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. உள்ளே வா என்று கூப்பிடவும் இல்லை.