நாற்பத்து நாலாம் நம்பர் அம்பு

இது நடந்தது. கதை கட்டுகிறவன் என்று என்னைச் சொல்ல ஊரில் நாலு பேர் இருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் வாயை மூடிக்கொள்ளலாம். நிர்மலா இன்றைக்கும் பெருமாநல்லூரில்தான் இருக்கிறாள், அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று தைரியமாக இருப்பவர்களுக்கு ஒரு சேதி: இதில் நடந்தது எல்லாமே பட்டப்பகலில்.

நிர்மலாவுக்கு ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சித்திரையில்தான் சேர்ந்தாள். டியூப்லைட் எரியும் மேசையில் ஒவ்வொரு பீஸாக விரித்துப் பார்க்க வேண்டும். ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எதுவானாலும் அந்த இடத்தைக் காட்டி, சுண்டுவிரல் நகமளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். யார் பார்த்தது என்று தெரிய, அதன்மேல் பேனாவால் தன் நம்பரையும் எழுத வேண்டும். நிர்மலாவின் நம்பர் முப்பத்தொன்று. அம்பு இருக்கும் பீஸ் சரிசெய்யப் போகும். அம்பு உதிர்ந்துவிட்டால் அந்தப் பீஸ் நல்லதோடு நல்லதாகப் பெட்டிக்குள் போய்விடும், அப்புறம் கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

இந்த அம்புகள் சேலையில், முடியில், டிபன் பாக்ஸ் அடியில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்துவிடும். செக்கிங் பெண்களின் கை, கண்ட இடத்தில் அதை உரித்துச் சுருட்டிப் போட்டுவிடும். யாரும் அதற்காக யோசிப்பதில்லை.

அவள் புருஷன் தங்கவேலு வேறொரு கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். நாற்பத்தொரு வயது. குடி, பீடி எதுவும் கிடையாது. ஒரு நாள் தலைவலி என்று படுத்தவரில்லை.

ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு நாற்பது. நிர்மலா அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். முன்னறையில் ஒரு சத்தம்.

சர்க்...

ரோலிலிருந்து ஸ்டிக்கரை உரிக்கும் சத்தம். நாளெல்லாம் காதில் விழுகிற சத்தம்தான். அதனால் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காப்பியோடு போனாள். தங்கவேலு மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். பனியனில், இடது விலா எலும்புக்குக் கீழே, ஒரு சிவப்பு அம்பு. தன் சேலையிலிருந்துதான் ஒட்டியிருக்கும் என்று நினைத்து உரித்துப் போட்டாள்.

ஒன்பதே கால். தங்கவேலு வாசலுக்கு ஓடினார். வாந்தி. அரை சொம்பு... அத்தனையும் ரத்தம்.

"ஏனுங்க! என்னுங்க இது?"

"வலியே இல்ல புள்ள..." என்றார். அவருக்கே ஆச்சரியம்.

ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். புண் இல்லை, கட்டி இல்லை. "உள்ள சுத்தமா இருக்கும்மா" என்றார் டாக்டர். ரத்தமும் தானாக நின்றுவிட்டது. மனுஷன் திருட்டுத்தனமாகக் குடிக்கிறார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவள் உடம்பெல்லாம் எரிந்தது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

பத்தொன்பது நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை. கம்பெனியில் மெஷின் கோளாறு என்று சீக்கிரம் விட்டுவிட்டார்கள். மாலை நாலு இருபது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டது.

சர்க்...

வீட்டில் தங்கவேலுவைத் தவிர யாருமில்லை. உடம்பு அசதியாக இருக்கிறது என்று படுத்திருந்தார். அதே இடம். இந்தத் தடவை அம்பு பனியனுக்கு உள்பக்கம் ஒட்டியிருந்தது. உரித்து வெளிச்சத்தில் பார்த்தாள். பேனா எழுத்து. 44.

நாற்பத்து நாலு யாரென்று அவளுக்குத் தெரியாது. கம்பெனி வேனில் பக்கத்தில் உட்கார்ந்த யாரோ என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

ஐந்து ஐந்துக்கு மறுபடி வாந்தி. போன தடவையைவிட அதிகம். ஆஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தம் ஏற்றினார்கள். காலையில் மறுபடி கேமரா என்றார்கள்.

சனிக்கிழமை. காலை ஏழரை. வார்டில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. வெந்நீர் பிடிக்க நாலு கட்டில் தள்ளிப் போனாள். தங்கவேலுவின் கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை.

திரைக்குப் பின்னால்...

சர்க்.

ஓடினாள். திரையை விலக்கினாள். யாருமில்லை.

அவர் கண்ணை மூடியிருந்தார். சட்டைப் பொத்தான் திறந்திருந்தது. வெறும் வயிற்றில், தோலின் மேல்... அம்பு. 44.

அம்பைச் சுற்றித் தோல் குழிந்திருந்தது. யாரோ கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருப்பது போல. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழி மெல்ல மேலே வந்தது. விரலை எடுத்துவிட்டார்கள்.

யார்?

வார்டுக்கு வெளியே ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம். நர்ஸ் பார்த்தால் திட்டுவாளே என்ற நினைப்பு... கை தானாகப் போனது.

வரவில்லை.

நகத்தால் கீறினாள்.

உரித்துவிட்டாள்.

எட்டு மணிக்குக் கேமரா. ஒன்றுமில்லை. எட்டு ஐம்பதுக்குக் கட்டிலுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். ஒன்பது பன்னிரண்டுக்கு ரத்தம் பீறிட்டது. மறுபடி உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பத்து ஐந்துக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

டாக்டருக்கும் முகம் வெளுத்திருந்தது. "கடைசி நிமிஷத்துலதாம்மா தெரிஞ்சுது. டியூலாஃபாய்னு சொல்வோம், ரொம்ப அபூர்வம். இரைப்பையோட உள்தோலுக்கு அடியில ஒரு ரத்தக்குழாய், மெலிசா இருக்க வேண்டியது பிறவியிலேயே தடிமனா இருக்கு. ஊசி குத்துன மாதிரி ஒரு ஓட்டை. பீச்சும், தானா நின்னுடும். நின்ன பிறகு பாத்தா அடையாளமே இருக்காது. இடம் மட்டும் முன்னாடியே தெரிஞ்சிருந்தா..."

"எந்த இடமுங்க சார்?"

டாக்டர் தன் கோட்டின் மேல் விரல் வைத்துக் காட்டினார். இடது விலாவுக்குக் கீழே.

பதினேழாம் நாள் வேலைக்குப் போனாள். அழுது தீர்ந்துபோன முகம். சூப்பர்வைசர் ரோஸ்மேரி தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. அவளிடம்தான் கேட்டாள். "நாப்பத்து நாலாம் நம்பர் யாருங்க?"

ரோஸ்மேரி சுற்றுமுற்றும் பார்த்தாள். "யாருக்கா ஒங்ககிட்ட சொன்னா? அது மயிலாள் அக்கா நம்பரு. போன தை மாசம் செத்துட்டாவ. ரத்த ரத்தமா வாந்தி. மூணு தடவ கேமரா விட்டும் ஒண்ணும் தெரியலன்னுட்டாவ. எனக்குத் தெரியுது, இங்கதான்னு சொல்லிச் சொல்லிப் பாத்தாவ. யாரு கேட்டா? கடைசித் தடவ போவும்போது, டாக்டருக்குத் தெரியட்டும்னு, அந்த மூலை மேசைல வச்சு ஒரு அம்பு கிழிச்சு, நம்பரு எழுதி, தன் வயித்துல தானே ஒட்டிக்கிட்டுப் போனாவ."

"டாக்டர் பாத்தாருங்களா?"

"எங்க... வெளியவே நர்ஸு உரிச்சுக் குப்பைல போட்டுட்டாவளாம்."

நிர்மலா தன் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அந்தக் கையால் இனிச் சோறு எப்படித் தின்பது என்றுதான் அப்போது தோன்றியதாம்.

மயிலாளின் மேசை மூலையில் சும்மா கிடந்தது. அந்த நம்பரை யாருக்கும் கொடுக்கவில்லை. ரோஸ்மேரி டிராயரை இழுத்தாள். "அன்னைக்குத்தான் புது ரோலு பிரிச்சாவ. ஒண்ணே ஒண்ணுதான் கிழிச்சாவ, நான் பாத்தேன். ஒரு ரோலுக்கு ஆயிரம் அம்பு. மிச்சம் அப்படியே கெடக்கு பாருங்..."

ரோஸ்மேரி குனிந்து உள்ளே பார்த்தாள்.

டிராயரில் ஓர் அட்டை வளையம் கிடந்தது. அதைச் சுற்றி, அம்புகளெல்லாம் உரிக்கப்பட்ட வெறும் வழவழப்புத் தாள், சுருள் சுருளாக.

நிர்மலாவின் புருஷனுக்கு வந்தவை மூன்று. மற்றதெல்லாம் எந்தெந்த வீட்டில், யார் யார் வயிற்றில் ஒட்டப்பட்டன, எத்தனை பேர் உரித்துப் போட்டார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.