காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள்

மோகனப்பிரியா இன்றும் கோவை கணபதியில்தான் குடியிருக்கிறாள். இது நிஜமா என்று சந்தேகம் வந்தால் வீட்டுக்கே போய்க் கேட்கலாம். போனில் கேட்க முடியாது. அவள் இப்போது போன் வைத்துக்கொள்வதில்லை.

அப்போது கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், உறுப்பு மாற்றுப் பிரிவில் அவளுக்கு வேலை. மூளைச்சாவு அடைந்த ஒருவரின் சிறுநீரகம் வந்தால், கம்ப்யூட்டரில் உள்ள காத்திருப்போர் பட்டியலைப் பார்த்து முதல் ஆளை அழைக்க வேண்டும். பட்டியலின் லட்சணம் அவளுக்குத் தெரியும். வேறு ஊரில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்கூட அதில் அப்படியே கிடந்தார்கள். சரிபார்க்க ஆள் கேட்டாள். இல்லை என்றுவிட்டார்கள்.

சித்திரை மாதம், ஒரு ஞாயிறு மதியம். மழையைப் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. சிறுநீரகம் ஒன்று வருவதாகத் தகவல் வந்தது. முதல் ஆள் வெள்ளகோவில் பாலுசாமி. இரண்டாவது பவானியைச் சேர்ந்த புவனா. சின்னப் பெண், கைக்குழந்தைக்காரி. முதல் ஆளுக்கு ஏதாவது தடங்கல் என்றால் தேவைப்படும் என்று அவளையும் வரவழைத்திருந்தார்கள். ஆபரேஷனுக்காகப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

பாலுசாமி முதல் மணியிலேயே எடுத்தார். மோகனப்பிரியா தன் பெயரைச் சொல்லி, விஷயத்தைச் சொன்னாள்.

"கெளம்பிட்டனுங்க அம்மணி. இதோ வாரேனுங்க."

குரலுக்குப் பின்னால் சோவென்று மழை. இந்த வெயிலில் மழையா? அவசரத்தில் அவள் அதைக் கேட்கவில்லை.

முதல் ஆள் வருகிறார் என்றதும் டாக்டர் புவனாவை அனுப்பிவிடச் சொன்னார். புவனா அழவில்லை. அடுத்தது தனக்கு வருமா என்று மட்டும் கேட்டாள். வரும் என்றாள் மோகனப்பிரியா. கேன்டீனில் எதையோ சாப்பிட்டுவிட்டுப் புவனா பஸ் ஏறினாள்.

மோகனப்பிரியா பாலுசாமிக்கு மறுபடியும் போன் போட்டாள்.

"பல்லடம் தாண்டிட்டனுங்க. மழையில ரோடே தெரியலீங்க..."

ஜன்னலுக்கு வெளியே கண் கூசும் வெயில். அவர் வரும் வழியில், சூலூரில் இருக்கும் அக்காவை அழைத்துக் கேட்டாள். ஒரு பொட்டுத் துளிகூட இல்லை என்றாள் அக்கா.

மூன்றாவது முறை...

பேச்சில்லை. மழை மட்டும். வைப்பர் சத்தம். டக்... டக்... டக்...

நின்றது.

யாரோ மூச்சு விட்டார்கள். தூரத்தில் அல்ல. காதோரம்.

காது நனைந்திருந்தது. வியர்வை என்று துடைத்தாள்.

சில்லென்று இருந்தது.

பாலுசாமி வரவே இல்லை. அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று போன் சொன்னது. டாக்டர்களால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. புவனாவோ பெருந்துறை தாண்டியிருந்தாள், வயிற்றில் சாப்பாட்டோடு. சிறுநீரகம் வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனது. கம்ப்யூட்டரில் பாலுசாமி பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்று மட்டும் பதிந்தார்கள். அவர் முதலிடத்திலேயே இருந்தார்.

புவனாவுக்கு அடுத்தது வரவே இல்லை. ஆடியில் இறந்துபோனாள். அவள் பெயரை மோகனப்பிரியாதான் நீக்கினாள். மறுநாள் ஆத்திரம் தாளாமல் வெள்ளகோவிலுக்குப் பஸ் ஏறினாள். ஏன் வரவில்லை என்று அந்த ஆளை முகத்துக்கு நேராகக் கேட்டுவிட வேண்டும்.

வீட்டில் மாலை போட்ட படம் இருந்தது.

அவர் மனைவி மாரியாத்தாள் நாற்காலி எடுத்துப் போட்டார். போன கார்த்திகையிலேயே இறந்துவிட்டாராம். பல்லடம் தாண்டி, கொட்டுகிற மழையில், கார் லாரியில் மோதியது. போனும் நொறுங்கிப்போனது. டயாலிசிஸ் சென்டரில் சொல்லியாயிற்று. அவர்கள் ஆஸ்பத்திரிக்குச் சொல்லியிருப்பார்கள் என்று வீட்டார் நினைத்துவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை.

அந்த மழையில் ஏன் கிளம்பினார் என்று கேட்டாள் மோகனப்பிரியா.

"கிட்னி வந்திருக்குதுன்னு ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சுங்க."

போன கார்த்திகையில் அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு சிறுநீரகமும் வரவில்லை. பழைய விவரங்களை அவள் பார்த்திருக்கிறாள்.

யார் கூப்பிட்டது என்று கேட்டாள்.

"ஒரு பொண்ணுங்க. பேருகூட சொல்லிட்டுத்தான் வண்டி ஏறுனாரு." மாரியாத்தாள் கொஞ்சம் யோசித்தார். "மோகனப்பிரியான்னு."

மோகனப்பிரியா அந்த வேலையில் சேர்ந்ததே அதற்குப் பிறகு, தை மாதத்தில்தான்.