மீசை இல்லாத முகம்

கடலூரில் ஒரு கெமிக்கல் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருந்தேன். ஹெல்மெட் போடச் சொல்லி கம்பெனி அனுப்பிய வண்ணப் போஸ்டரில் அழகான வாலிபர் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஒருவரும் அவரைச் சட்டை செய்யவில்லை. எரிச்சலில் நானே ஒரு படம் வரைந்து ஒட்டினேன். எனக்கு வரையத் தெரியாது. முகத்துக்கு ஒரு வட்டம், இரண்டு புள்ளி, ஒரு கோடு. தலையில் கட்டு, பக்கத்தில் ஏணி.

மறுநாளே ஃபிட்டர் வந்தார். "ஏன் சார், என்னயவா போட்டிருக்கீங்க?" பாய்லர்காரர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கேன்டீன் மாஸ்டர், "எம் பொண்டாட்டி பாத்தா என்னா நெனைப்பா?" என்றார். ஆனால் மூவர் தலையிலும் ஹெல்மெட் இருந்தது. மாஸ்டர் அதோடுதான் இட்லி ஊற்றினார்.

பிறகு மானேஜர் கூப்பிட்டார். அங்கே மீசை இல்லாத ஆள் அவர் ஒருவர்தான்.

"அது நான்தான்னு எல்லாருக்கும் தெரியுது. ஒரு மீசை வைய்யா."

வைத்தேன்.

மறுநாள் ஃபிட்டர் படத்தை வெகுநேரம் பார்த்தார். "நம்ம மீசை இப்டி இருக்காது சார்" என்று நிம்மதியாகச் சொன்னார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஏணியில் ஏறினார்.