பூனை டிரைவரும் செங்குத்து மேடும்

அவர் வண்டி வந்து நிற்பது யாருக்கும் தெரியாது. அதனால்தான் பூனை டிரைவர் என்று பெயர். இருபது வருடம் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றி இறக்கியவர். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டினால் அவருக்கு நெஞ்சு பதறும். எஞ்சின் சத்தம் போட்டால் அதற்கு வலிக்கிறது என்பது அவர் கட்சி. வண்டி நகர்ந்த கையோடு டாப் கியருக்குப் போய்விடுவார். சமவெளிச் சாலை, ஏழெட்டுப் பேர்; எஞ்சினும் போனால் போகிறது என்று இழுத்துக்கொண்டிருந்தது.

தொழிற்சாலையை மூடினார்கள். நான்கு மாதம் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். சுவரும் எவ்வளவுதான் தாங்கும்? கடைசியில் மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். அவள் மாவு மில்லில் மெஷின் ஓட்டுகிறவள். ஒரு செங்குத்து மேட்டின் உச்சியில் இருக்கும் ரொட்டிக்கடைக்கு மாவு கொண்டுபோக ஆள் வேண்டுமாம். முதல் நாள் ஒன்பது மணிக்குள் சேர்த்துவிட்டால் வேலை நிரந்தரம். தவறினால் வேறு ஆள் தயாராக இருக்கிறான்.

மில் வேனில் முப்பது மூட்டை. மாவை ஒப்படைக்க வேண்டியவள் என்பதால் மனைவியும் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

மேடு தொடங்கியது. பூனை டிரைவர் வழக்கம்போல நாலாவது கியரில் வைத்திருந்தார். முள் ஆயிரத்துக்கும் கீழே விழுந்தது. வேன் கிடுகிடுவென்று உதறி, அப்படியே நின்றுவிட்டது. மறுபடி எடுத்தார். ஒன்றாவது, இரண்டாவது, எஞ்சின் வாயைத் திறப்பதற்குள் மூன்றாவது. மறுபடி நின்றது. பின்னால் ஒரு பஸ் ஹாரனில் கையை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. மணி எட்டே முக்கால்.

"வண்டி சரியில்ல" என்றார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. ரெண்டுலயே வைங்க."

"கத்தும்டி."

"கத்தட்டுமே! எங்க மில் மோட்டார் நிமிஷத்துக்கு ஆயிரத்து நானூறு சுத்து சுத்துது. மாவு அரைக்கிற கல்லு அதுல பாதிகூட சுத்தறதில்ல. சின்ன சக்கரத்துல இருந்து பெரிய சக்கரத்துக்கு பெல்ட் போட்டு வேகத்தைக் குறைச்சாத்தான் கல்லுக்கு பலம். மோட்டாரையே மெதுவா சுத்த விட்டா ஒரு கோதுமைகூட உடையாது. மேட்டுல உங்களுக்கு வேகம் வேணுமா, இழுவை வேணுமா?"

அவருக்கு வேலை வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது கியரிலேயே மிதித்தார். முள் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு ஏறியது. எஞ்சின் ஊரைக் கூட்டியது. மாடி ஜன்னல்கள் திறந்தன. மானம் கப்பலேறியது. ஆனால் வேன் மணிக்கு இருபது கிலோமீட்டரில், ஒரு உதறல்கூட இல்லாமல், முப்பது மூட்டையோடு ஏறிக்கொண்டே இருந்தது. பஸ்ஸும் ஹாரனை நிறுத்திவிட்டுப் பின்னாலேயே வந்தது.

ஒன்பதுக்கு இரண்டு நிமிடம். ரொட்டிக்கடைக்காரர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"பாதி மேட்டுலயே சத்தம் கேட்டுது. மாவு பிசையற மெஷினைக் கழுவி வெச்சுட்டேன். நாளையிலருந்து தினமும் வந்துடுங்க."

பூனை டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது. மாவுத்தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். மூட்டைகளை இறக்கி முடித்து வண்டியில் ஏறியதும் மனைவியிடம் திரும்பினார்.

"உனக்கு இவ்வளவு தெரியும்ல? இத்தனை வருஷமா என்கூட வண்டில வர்றே. ஒரு தடவை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே."

"எப்போ?"

"வண்டி உதறும்போதெல்லாம். 'கத்தாதே'ன்னு சொல்லுவீங்க."

அவர் சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பினார்.

"இறங்கறதுக்கு எந்த கியர்?" என்று கேட்டார்.